மீன் குளத்தில் ஓர் உஷ்ணமானி

நம் வீடுகளில் உஷ்ணமானிக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. குழந்தையின் நெற்றி சுட்டால் அலமாரியின் மேல் தட்டிலிருந்து அது கீழே இறங்கும். காய்ச்சல் விட்டதும் மறுபடி மேலே ஏறிவிடும். ஆகையால், சென்ற சித்திரை மாதத்தில் காவேரிக் கரைக் கிராமம் ஒன்றில் என் நண்பர் உஷ்ணமானி ஒன்றை நீண்ட கயிற்றில் கட்டிக் குளத்துக்குள் மெள்ள இறக்கிக் கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன, குளத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் வந்தது. நான்தான் தெரிந்துகொள்ளவில்லை" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை.

நண்பர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு, ஊருக்கு வெளியே ஓர் ஏக்கர் பரப்புள்ள குளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று வகைக் கெண்டைக் குஞ்சுகளை விட்டிருந்தார். முதல் வருஷம் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் போட்டு வளர்த்ததில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டாவது வருஷம் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. 'புஷ்டியான ஆகாரம் கொடுத்தால் மீன் புஷ்டியாக வளரும்' என்ற நியாயத்தின் பேரில், நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் அடங்கிய விலை உயர்ந்த தீனியை வாங்கினார். வெயில் ஏற ஏறத் தீனியையும் ஏற்றினார். குளத்தைக் காவல் காத்த கிழவர் மட்டும், "ஐயா, இந்த வெயில்ல எனக்கே சோறு இறங்கல்லே, நீராகாரந்தான் குடிக்கிறேன். மீனுக்கு விருந்து வேணுமா?" என்று கேட்டாராம். நண்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வைகாசி பிறந்து சில நாளில் ஒரு விடியற்காலை, குளத்து மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருந்தன. சூரியன் உதிப்பதற்குள் பெரிய கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கொண்டு மிதந்தன. அன்று பகலுக்குள் ஒரு வருஷத்து உழைப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது.

மீன் என்றதும் முகத்தைச் சுளிக்கும் நேயர்கள் நம்மிடையே பலர் உண்டு. நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். ஆனால் இந்தக் கட்டுரை சமையலறைப் பக்கம் போகப் போவதில்லை. ஒரு பிராணி தான் தின்பதை எப்படி உடம்பாக மாற்றிக் கொள்கிறது, அதில் ஜலத்தின் உஷ்ணத்துக்கு என்ன அதிகாரம் என்பதுதான் விஷயம். என் நண்பர் செய்த பிழை எது என்ற கேள்விக்கு விடை தேடப் போனவன், அதைவிடப் பெரிய விஷயங்களில் அகப்பட்டுக் கொண்டேன்.

குளிர்ந்த ரத்தம்

நாம் சித்திரை வெயிலில் நின்றாலும் மார்கழிப் பனியில் நின்றாலும் நம் உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி ஸென்டிகிரேடை விட்டு அதிகம் அசைவதில்லை. அந்த ஒரு சௌகரியத்துக்காக நாம் சாப்பிடுவதில் பெரும் பகுதியை அடுப்பில் விறகு போடுவது போல் எரித்துக் கொண்டே இருக்கிறோம். மீனுக்கு அந்தச் செலவு கிடையாது. ஜலம் 20 டிகிரி என்றால் மீனும் ஏறக்குறைய 20 டிகிரி. ஜலம் 30 என்றால் மீனும் 30.

'மீனும் தன் உடம்பைச் சூடாக வைத்துக் கொள்ளக் கூடாதோ?' என்று கேட்கலாம். அதன் செவுள்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லி லிட்டருக்கு மேல் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் ஜலத்தில் ஏழு மில்லி லிட்டர் இருந்தாலே அதிகம். அவ்வளவு சொற்பமான வாயுவைப் பிடிப்பதற்காக, மெல்லிய தோலுக்கு இந்தப் பக்கம் ரத்தமும் அந்தப் பக்கம் ஜலமுமாக மீன் ஓயாமல் ஓடவிட்டுக் கொண்டிருக்க வேண்டும். வாயு உள்ளே வரும் அதே வழியில் சூடு வெளியே போய்விடுகிறது. சூரை மீன் போன்ற சில கடல் மீன்கள் மட்டும் ரத்தக் குழாய்களின் விசேஷ அமைப்பினால் தங்கள் தசைகளின் சூட்டைக் காப்பாற்றிக் கொள்கின்றன. குளத்துக் கெண்டைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே மீனின் ஜீவிதம் முழுவதும் ஜலத்தின் உஷ்ணத்தைப் பொறுத்தது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் அதன் உடலில் நடக்கும் ரஸாயன வேலைகள் சுமார் இரண்டு மடங்கு வேகம் கொள்கின்றன. பசி அதிகமாகிறது; ஜீரணம் துரிதப்படுகிறது; மூச்சும் வேகமாகிறது. நம் பெருங்கெண்டைகளுக்கு 25 டிகிரியிலிருந்து 32 டிகிரி வரையில் மிகவும் ஒத்துக் கொள்ளும். சுமார் 14 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரோகுவுக்குச் சுகப்படாது. பஞ்சாப் பக்கத்துக் குளங்களில் மார்கழி, தை மாதங்களில் கெண்டைகள் அடியில் போய்ச் சுருண்டு கிடக்கும். அப்போது தீனி போடுவது சேற்றுக்குப் போடுவதுதான். தஞ்சாவூர்க் குளங்களில் அந்தக் கஷ்டம் கிடையாது. வருஷம் முழுவதும் மீன் வளரலாம். தென்னாட்டு மீன் வளர்ப்பின் பெரிய மூலதனமே நம் வெயில்தான். அந்த மூலதனத்தையே என் நண்பர் விஷமாக்கிக் கொண்டார்.

வரவும் செலவும்

வளர்ச்சி என்பது என்ன? குடும்பத்தில் மாதக் கடைசியில் மிஞ்சும் பணம் போன்றது அது. தின்ற ஆகாரம் வரவு. மூச்சு விடுவதற்கும், நீந்துவதற்கும், ஜீரணிப்பதற்கும் ஆகும் சக்தி செலவு. மீதி இருந்தால் அது சதையாகச் சேருகிறது. மீதி இல்லாவிட்டால் மீன் உயிரோடு இருக்கும், ஆனால் வளராது. செலவு வரவை மிஞ்சினால் இருக்கும் சதையும் கரையும்.

உஷ்ணம் ஏறும்போது வரவும் ஏறுகிறது, செலவும் ஏறுகிறது. சூட்சுமம் எங்கே இருக்கிறதென்றால், இரண்டும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஓர் எல்லை வரையில் பசி, செலவை விட வேகமாக ஏறும். அதுவரை வளர்ச்சிக்கு நல்ல காலம். அந்த எல்லைக்கு அப்பால் பசி தளர்ந்து இறங்கத் தொடங்குகிறது. செலவு மாத்திரம் ஏறிக் கொண்டே போகிறது!

இதைத் தீர்க்கமாகப் பரீட்சித்துப் பார்த்தவர்கள் கானடா தேசத்தின் மேற்குக் கரையில் நனைமோ என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தார். பிரெட் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்தத் துறையில் இன்றளவும் எடுத்துக் காட்டப்படுகிறது. ஸாக்கை ஸால்மன் என்னும் குளிர்நாட்டு மீனின் குஞ்சுகளை அவர்கள் 1 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரையில் வெவ்வேறு உஷ்ணமுள்ள தொட்டிகளில் விட்டார்கள். ஒவ்வோர் உஷ்ணத்திலும் சில மீன்களுக்குப் பட்டினி, சிலவற்றுக்கு அரை வயிறு, சிலவற்றுக்கு வேண்டிய மட்டும் என்று ஆகாரத்தை அளந்து கொடுத்தார்கள்.

வேண்டிய மட்டும் தின்ற குஞ்சுகள் 15 டிகிரியில்தான் எல்லாவற்றிலும் வேகமாக வளர்ந்தன. சுமார் 23 டிகிரியில், வாய்க்கு முன்னால் ஆகாரம் குவிந்திருந்தும், வளர்ச்சி அடியோடு நின்று போயிற்று. இவ்வளவும் எதிர்பார்க்கக் கூடியதுதான். நான் இரண்டு தடவை படித்துப் பார்த்த முடிவு வேறொன்று. ஆகாரத்தின் அளவைக் குறைக்கக் குறைய, மீன் நன்றாக வளருவதற்கு ஏற்ற உஷ்ணமும் படிப்படியாகக் கீழே இறங்கிற்று. அரை வயிற்றுச் சாப்பாடுள்ள மீனுக்கு வெதுவெதுப்பான ஜலம் அநுகூலம் அல்ல; குளிர்ந்த ஜலமே அநுகூலம். சூடான ஜலத்தில் இருக்கும் ஏழை மீன், கிடைத்த சொற்பத்தையும் மூச்சு விட்டே தீர்த்து விடுகிறது. சிறு சம்பளக்காரன் விலைவாசி அதிகமுள்ள பட்டணத்தில் குடியிருந்தால் என்ன கதியோ, அதே கதி.

ஸால்மனின் எண்களைக் கெண்டைக்குப் பொருத்தக் கூடாது. அதன் 15 டிகிரி நம் ரோகுவுக்குக் குளிர் ஜுரம். ஆனால் வரவு-செலவின் ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றேதான். முதல் வருஷத்தில் நண்பர் மிகவும் சிக்கனமாகத் தீனி போட்டாரே, அப்போது வெயில் நாளில் மீன்கள் ஏன் தேங்கி நின்றன என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்து விடுகிறது.

நாற்பதா, ஐம்பத்தைந்தா?

இனிப் புரதத்தின் கதை. பருப்பிலும் பாலிலும் இருந்து நாம் பெறும் புரதந்தான் சதையைக் கட்டும் செங்கல். கோழிக் குஞ்சின் தீனியில் நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு பங்கு புரதம் இருந்தால் போதும். மீன் தீனியிலோ முப்பது, நாற்பது என்று கேட்கிறார்கள். ட்ரௌட் போன்ற மாமிச பட்சணி மீன்களுக்கு நாற்பதுக்கு மேலேயே வேண்டும். 'மீன் என்ன, அவ்வளவு ஊதாரியா?' என்று தோன்றும். உண்மையில் அது சிக்கனத்தின் அடையாளம். உடம்பைச் சூடாக வைத்துக் கொள்ளும் செலவு இல்லாததால் மீனுக்குச் சக்தி தரும் மாவுப் பொருள்கள் குறைவாகவே வேண்டியிருக்கின்றன. கூரை போட வேண்டாத வீட்டுக்குச் சாமான் வாங்கினால் பட்டியலில் செங்கல்லின் பங்கு அதிகமாகத் தெரிகிறது அல்லவா? அது போலத்தான். அன்றியும், மீன் புரதத்தையே விறகாகவும் எரிக்க வல்லது. எரித்ததில் மிஞ்சும் நவச்சார வாயுவை, நம்மைப் போல் மூத்திரமாக மாற்றும் சிரமமின்றி, பெரும்பாலும் செவுள் வழியாகவே ஜலத்தில் கரைத்து விட்டுவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உஷ்ணம் மாறினால் புரதத்தின் தேவையும் மாறுமா? 1958-இல் அமெரிக்காவில் டிலாங், ஹால்வர், மெர்ட்ஸ் என்ற மூவர் இந்தக் கேள்வியைச் சினூக் ஸால்மன் குஞ்சுகளிடம் கேட்டார்கள். 8.3 டிகிரி ஜலத்தில் இருந்த குஞ்சுகள், தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் இருந்தபோது மிக நன்றாக வளர்ந்தன. 14.4 டிகிரி ஜலத்தில் இருந்தவற்றுக்கு 55 பங்கு வேண்டியிருந்தது. ஆறு டிகிரி வித்தியாசத்துக்கு இவ்வளவு மாறுதல்! 'சூடான ஜலத்துக்குச் செழிப்பான தீனி' என்ற வாக்கியம் இந்தப் பரீட்சையின் பலத்தில் உலகமெங்கும் பரவிற்று. என் நண்பர் எங்கேயோ அரைகுறையாகக் கேள்விப்பட்டதும் இதுவாகவே இருக்க வேண்டும்.

பிற்காலத்து ஆராய்ச்சிகள் அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்புக் கொள்ளவில்லை. வேறு உஷ்ணங்களில் ட்ரௌட்டை வைத்துப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் தென்படவில்லை. காரணம் யோசித்தால் புரியும். ஜலம் சூடேறும்போது மீன் அதிகம் தின்கிறது. அதே தீனியிலிருந்தே தனக்கு வேண்டிய புரதத்தை அது கூடுதலாகப் பெற்று விடுகிறது. எனவே, மாற வேண்டியது பெரும்பாலும் எத்தனை கிலோ போடுவது என்பதே. தீனியின் செழிப்பு அவ்வளவாக மாற வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தை எடுத்துக் கொண்டாலும், மீன் தின்னும் வரையில்தான் இந்தக் கணக்கு செல்லுபடியாகும். தின்ன முடியாத உஷ்ணத்தில் 40 என்பதும் 55 என்பதும் வெறும் எண்கள்.

மெர்ட்ஸ் என்ற பெயரை நேயர்கள் வேறிடத்தில் கேட்டிருக்கலாம். லைஸின் என்னும் சத்து மிகுந்த மக்காச்சோளத்தைக் கண்டுபிடித்து 1964-இல் உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவர் அவர். இது வெறும் வம்புச் செய்தி அல்ல. புரதம் என்பது ஒரே பொருளல்ல. பல அமினோ அமிலங்கள் கோத்த சரம் அது. அவற்றில் பத்து வகைகளை மீனால் தானே செய்துகொள்ள முடியாது. ஆகாரத்திலிருந்துதான் பெற வேண்டும். அந்தப் பத்தில் ஒன்று குறைந்தாலும், மற்ற ஒன்பதும் எவ்வளவு இருந்தாலும், வேலை அங்கே நின்று போகும். நம் கடலைப் பிண்ணாக்கில் லைஸினும் மெதியோனினும் குறைவு. ஆகையினால் மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் புரதக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது.

பிண்ணாக்கின் பெருமை

ஆனாலும் பிண்ணாக்கை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்குச் சுமார் 42 பங்கு புரதம். எண்ணெய் எடுத்த தவிட்டில் சுமார் 14 பங்கு. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 28. வளர்ந்த கெண்டைக்கு வேண்டியதாக விஞ்ஞானிகள் சொல்லும் முப்பதுக்கு இது மிகவும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆராய்ச்சிச் சாலை எதையும் பாராத நம் குடியானவர்கள் கைக்குக் கிடைத்த பண்டங்களைக் கொண்டே இந்தக் கலவைக்கு வந்து சேர்ந்திருப்பதை எண்ணினால் ஆச்சரியமாக இருக்கிறது. மீதிக் குறையைக் குளமே தீர்த்து வைக்கிறது. சாணம் கரைத்த ஜலத்தில் வெயில் பட்டதும் பச்சைப் பாசித் துகள்கள் பெருகும். அவற்றைத் தின்று கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உள்ள பூச்சிகள் பெருகும். இந்தப் பூச்சிகளின் உலர்ந்த எடையில் பாதியளவு புரதம். அதுவும் பத்து அமிலங்களும் நிறைந்த உயர்ந்த புரதம். மேல் ஜலத்தில் கட்லாவும், நடுவில் ரோகுவும், அடிச் சேற்றருகில் மிர்காலும் மேய்ந்து ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைக்காமல் சாப்பிடுகின்றன.

பிண்ணாக்கு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் அவசியம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. கடைசியில், பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அதே சமயத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரௌட் மீன்களுக்குக் கல்லீரலில் கட்டிகள் தோன்றின. பருத்தி விதைப் பிண்ணாக்கில் இருந்த அதே நஞ்சுதான் அங்கேயும் குற்றவாளி. ஈரமும் வெப்பமும் சேர்ந்த கொட்டகையில் பிண்ணாக்கு மூட்டையை அடுக்கி வைப்பவர்கள் இதை மறக்கலாகாது.

வைகாசி விடியற்காலை

இப்போது நண்பரின் குளத்துக்குத் திரும்புவோம். ஒரு லிட்டர் ஜலம் 20 டிகிரியில் ஒன்பது மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். அதாவது, மீனுக்கு மூச்சு அதிகமாகத் தேவைப்படும் வேளையில்தான் ஜலத்தின் கையிருப்பு குறைகிறது. பகலில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயு உண்டாக்கும். இரவில் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து மூச்சு விடத் தொடங்கிவிடும். ஆகவே விடியற்காலைக்குச் சற்று முன்பு குளத்தின் கஜானா மிகவும் காலியாக இருக்கும்.

அந்தக் குளத்தில் நண்பர் என்ன செய்தார்? ஆழம் குறைந்து, பிற்பகலில் 34, 35 டிகிரிக்கு ஏறிய ஜலம். பசி தளர்ந்த மீன்கள். அதில் முன்னைவிட அதிகமாகத் தீனி. கணக்கு வாத்தியாருக்கு நான் அன்று கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு கிலோ தீனியில் நாற்பது கிலோ புரதம். புரதத்தின் எடையில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன்; ஆக, ஆறு கிலோவுக்குச் சற்று மேல். நல்ல காலத்திலேயே இதில் மூன்றில் ஒரு பங்குதான் மீனின் உடம்பில் தங்கும். மீதி நாலு கிலோவுக்கு மேல் குளத்தில்தான் சேரும். தின்னாமல் விட்ட தீனி அடியில் அழுகும்போது, பிராணவாயுவையும் அது தின்று தீர்க்கும். நினைவில் வைக்கச் சொன்ன நவச்சார வாயு இங்கேதான் வருகிறது. ஜலத்தில் கரைந்த அதில் ஒரு பகுதிதான் கொடிய நஞ்சு. உஷ்ணம் 20-லிருந்து 30-க்கு ஏறினால் அந்த நச்சுப் பகுதி ஏறக்குறைய இரட்டிக்கிறது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் ஜலத்தின் காரத்தன்மை ஏறுவதால் அது இன்னும் பெருகும்.

நண்பர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கிழவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை எனக்கு விளங்க வைக்க உமக்கு இத்தனை டிகிரி வேண்டியிருந்தது!" என்றார்.

மலை மேலும் சமவெளியிலும்

ஒரே ராஜ்யத்துக்குள்ளேயே இந்தப் பாடத்தின் மறுபக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் நீலகிரிக்குப் போகலாம். அங்கே வெள்ளைக்காரத் துரைகளின் தூண்டில் வினோதத்துக்காக, கடல் கடந்து ட்ரௌட் மீனைக் கொண்டு வந்தார்கள். 1860-களில் பிரான்ஸிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியில், வில்ஸன் என்பவர் காலத்தில், உதகைக்கு அப்பால் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டு, வானவில் ட்ரௌட் நிலைத்துவிட்டது. 13 டிகிரியிலிருந்து 18 டிகிரி வரையுள்ள ஓடுகிற ஜலம் அதற்குச் சுவர்க்கம். 25 டிகிரியை நெருங்கினாலே உயிருக்கு ஆபத்து. அதை அடிவாரத்துக் குளம் எதிலும் விட முடியாது. நம் கட்லாவை மேலே கொண்டு போனாலோ, அது சாகாமல் இருந்தாலும், வருஷக்கணக்கில் குழந்தையாகவே இருக்கும். துரைகளின் பொழுதுபோக்குக்கு வந்த மீனுக்குப் பொரிப்பகம் கட்டிய நாளில், ஏழைகளின் இலையில் விழும் கெண்டைக்கு நல்ல குஞ்சு கிடைக்க ஒரு வழியும் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளம் புரளும் ஆறுகளில் குஞ்சுகளை அரித்தெடுத்து, எந்த ஜாதி என்று தெரியாமலே குளத்தில் விட்டுக் கொண்டிருந்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர்கள் இந்தியர்களே. 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ஆம் தேதி, ஒடிஸாவில் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்தி, தேங்கிய ஜலத்திலேயே நம் கெண்டைகளை முட்டையிடச் செய்தார்கள். அந்தத் தேதியைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். 1950-51-இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி ஏழரை லட்சம் டன். 2022-23-இல் 175 லட்சம் டன்னைத் தாண்டிற்று. இன்று அதில் பெரும் பங்கு கடலிலிருந்து வருவதல்ல. குளம் குட்டைகளிலிருந்தும் மற்ற உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்தும் வருவது.

குஞ்சுப் பஞ்சம் தீர்ந்த பிறகு மிஞ்சியிருப்பது தீனியின் கவலை. மீன் வளர்ப்பவரின் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது. இந்த விஷயத்தில் ஆந்திர தேசத்தில் கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குடியானவர்கள் கையாளும் யுக்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தவிட்டையும் பிண்ணாக்கையும் துளையிட்ட சாக்குப் பைகளில் நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில்களில் வரிசையாகக் கட்டி விடுகிறார்கள். மீன்கள் வந்து துளையில் வாயை வைத்து வேண்டியதை இழுத்துக் கொள்ளும். சில மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கிப் பார்த்தால் மீனின் பசி எவ்வளவு என்று தெரிந்து போகும். பையில் மிஞ்சினால் மறுநாள் குறைத்துக் கட்டுவார்கள். வானம் மூடியிருக்கும் நாளில் பையே கட்டாதவர்களும் உண்டு.

நண்பரும் இப்போது பை கட்டுகிறார். கரையை உயர்த்தி, ஆறடிக்குக் குறையாமல் ஜலம் நிறுத்துகிறார். விலை உயர்ந்த தீனியைக் குஞ்சுப் பருவத்தில் சில வாரங்களுக்கு மாத்திரம் வைத்துக் கொண்டு, பிறகு பழைய பிண்ணாக்குக்கே திரும்பிவிடுகிறார். கூடச் சிறிது சோயாப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேர்க்கிறார். தீனி போடுவது நன்றாக வெயில் ஏறிய பிறகுதான்.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு அடிஜலம் 31, மேல்ஜலம் 34. இன்று பாதித் தீனிதான். உஷ்ணமானியைப் பார்க்காமலே கிழவர் காலையிலேயே இரண்டு பையை அவிழ்த்து வைத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். 'ராத்திரி எனக்குப் புழுங்கிச்சு' என்கிறார்" என்று எழுதியிருந்தார்.